கல்லும் மண்ணும்: வெளியிடத்து ஆடற்பயிற்சி பற்றிய ஓர் ஆய்வு

திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூர் சுந்தரமூர்த்தி நாயனார் தோன்றிய பதி என்பது யாவரும் அறிந்ததே. ஆடற்கலையை ஆராய்வார்க்கும் அவ்வூர் ஒரு நல்ல நிலைக்களமாகும். ஒருபுறம், நாயனார் தம் திருத்தொண்டத்தொகையின் முதற்கண் வைத்த தில்லையும் அதன் கோபுரச் சிற்பங்களும் உள்ளன. மற்றொருபுறம், பாரதக் கூத்து வழங்கும் நடுநாட்டுச் சிற்றூர்கள் உள்ளன. பொதுவிடத்துக் கலைப்படைப்பை முன்வைத்துத் திறந்தவெளியில் ஆடல் பயிலும் பயிலரங்குகள் நிகழும் இக்காலத்து, அப்படைப்பு ஆடலாசானாதல் எவ்வாறு என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கரணச் சிற்பங்கள் எல்லாம் பொதுமக்கள் காண அமைந்தவை அல்ல. தஞ்சைப் பெரியகோயிலில் அவை விமானத்தின் மேல்தள உட்சுற்றில் உள்ளன. 108 கரணங்களுள் 81 மட்டுமே செதுக்கப்பெற்றன. எஞ்சிய கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. தில்லையிலோ அவை கோபுர வாயிலின் இருமருங்கும், வருவோர் போவோர் அனைவரும் காணுமாறு அமைந்துள்ளன. கீழைக் கோபுரத்தில் நாட்டிய சாத்திரச் சுலோகங்களும் உடன் பொறிக்கப்பெற்றுள்ளன. எனவே, தஞ்சைச் சிற்பம் இறைவனுக்கு அணித்தாய் நின்ற கலை. தில்லைச் சிற்பம் வழிச்செல்வார்க்கும் உரிய கலை எனலாம்.

அங்ஙனமாயின், அவற்றை நோக்கி நின்று அவ்வாறே கைகால்களை அமைத்தல் ஆடல் பயின்றதாகுமோ? ஆகாது என்பதே எம் துணிபு. கரணம் என்பது கையும் காலும் இயைந்து இயங்கும் இயக்கமேயன்றி அசைவற்ற நிலையன்று. இதனைப் பத்மா சுப்பிரமணியம் தம் ஆய்வாலும் ஆடலாலும் விளக்கிக் காட்டினார். சிற்பி அவ்வியக்கத்தில் ஒரு கணத்தையே கல்லிற் பிடிக்கிறான். அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை கல்லில் இல்லை. அவற்றை உணராது உருவத்தை மட்டும் ஒத்து நிற்பவர் சிற்பத்திற்குப் படியெடுத்தவராவரேயன்றி ஆடியவராகார். மாமல்லபுரத்தில் அருச்சுனன் தபசின் முன்னர் முன்பு நிகழ்ந்த நாட்டிய விழாக்களில் சிற்பம் பின்புலத் திரையாய் அமைந்ததும் இவ்விடத்து எண்ணத்தக்கது.

இனி, நடுநாட்டுத் திரௌபதியம்மன் விழாவை நோக்குவோம். பாரதப் போரின் பதினெட்டாம் நாள் நிகழ்ச்சியாகிய படுகளத்தில், மல்லாந்து கிடக்கும் துரியோதனனின் பேருருவம் வெட்டவெளியில் மண்ணால் அமைக்கப்பெறும். வேடம் புனைந்த வீமனும் துரியோதனனும் அவ்வுருவைச் சுற்றி ஓடிப் பொருவர். தொடை பிளக்கப்பெற்றபின் திரௌபதியின் கூந்தல் முடிக்கப்பெறும். இங்கு மண்ணுருவின் தோற்றத்தை எவரும் தம் மெய்யில் ஏற்பதில்லை. அதன் தலையும் தோளும் தொடையும் கூத்தர் ஓடுதற்கும் நிற்றற்கும் உரிய இடங்களை வகுத்துத் தருகின்றன. உடன்செல்லும் சிறுவர் எவ்விடத்தில் நடை விரைதல் வேண்டும், எவ்விடத்தில் தாழ்தல் வேண்டும் என்பதைக் கண்டே அறிகின்றனர். அதுவே அவர்தம் பயிலரங்கு.

படுகளம் வழிபாடாதலின் அதனைப் பயிற்சி எனல் பொருந்தாது என்பார் உளர். அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. நேர்த்திக்கடன் பூண்டு ஆடுவார்க்கும் கலை கற்க வருவார்க்கும் நோக்கம் வேறு. ஆயின், தில்லைக் கோபுரமும் வழிபாட்டிடமே. ஒன்றன் வடிவைக் கற்கலாம், மற்றொன்றன் வழியைக் கற்கலாகாது என்றல் முறையன்று. மேலும், மண்ணுரு விழாவோடு அழிவது. கல் நின்று நிலவுவது. அழியும் உருவைச் சார்ந்த ஆடல் ஆண்டுதோறும் மீண்டும் பிறக்க, நிலைத்த உருவைச் சார்ந்த ஆடல் இடையறவுபட்டு ஆய்வாளரால் மீட்கப்பெற வேண்டியதாயிற்று. கல் நின்றமையே அம்மீட்சிக்குத் துணையாயிற்று என்பதையும் மறத்தலாகாது.

ஆகலின், கல் வடிவைக் காக்கும். மண் இயக்கத்தைக் காக்கும். தில்லை வாயிலில் பயில வருவோர் ஒருமுறையேனும் படுகளத்தில் நின்று காண்பாராயின், சிற்பத்தின் முன் நிற்கும் நிலை விடுத்து, அதனுள் உறங்கும் நடையைத் தேடுவர். அத்தேட்டமே பயிலரங்கின் பயனாதல் வேண்டும் என்பது எம் கருத்து.