மறுக்கத் தெரிந்த பேரேடு

ஓர் இணையக் கடையை நல்ல கைகள் கட்டியிருக்கின்றனவா என்று பார்க்க, நான் முதலில் போய் நிற்பது அதன் முகவரிப் படிவத்தில். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் ஜாலான் பஹாங்கில் குடியிருப்பவர்களுக்கு மைல்கணக்கே முகவரி: '14-ஆம் மைல், ஜாலான் பஹாங், 35000 தாப்பா'. வீட்டு எண்ணுக்கு ஒரு கட்டம், தெருவுக்கு ஒரு கட்டம் என்று நறுக்கி வைத்த படிவத்தில் இதை எங்கே எழுதுவது? தோட்டத்து லயங்களில் இருப்பவர்களுக்கும் இதே பாடுதான். முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டால், அடையாள அட்டையில் ஏ/எல், ஏ/பி போட்டுத் தகப்பன் பெயர் எழுதும் நம்மவர்கள் தடுமாறிப் போவார்கள். நடுவிலுள்ள சாய்கோட்டைக்கூட ஏற்காத படிவங்கள் உண்டு. முழுப்பெயருக்கு ஒரே கட்டம், முகவரிக்கு மூன்று வரி கொடுத்தால் போதும். அஞ்சல் குறியீட்டை எண்ணாக வைக்காமல் எழுத்தாகச் சேமித்திருந்தால் அந்தக் கட்டுநர் மேல் எனக்கு மரியாதை வந்துவிடும். தாப்பாவின் 35000 எப்படி வைத்தாலும் பிழைத்துக்கொள்ளும். அலோர் ஸ்டாரின் 05000-ஐ எண்ணாக வைத்தால் முன்னால் இருக்கும் சுழி உதிர்ந்து 5000 ஆகிவிடும்.

மனிதர்களை வந்தபடியே ஏற்றுக்கொள்ள வேண்டும். நடக்க முடியாத ஒன்றை ஒருபோதும் ஏற்கக் கூடாது. இணையக் கடைக்கான கருவிகளை இந்த இரண்டையும் வைத்துத்தான் ருசி பார்க்கிறேன். முதலாவது படிவத்தின் வேலை, இரண்டாவது தரவுதளத்தின் வேலை.

அந்தக் கறாருக்காகவே எனக்குப் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுதளத்தின் மேல் பிரியம். 1986-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்வு அது. இன்றைய பெயர் வந்தது 1996-இல். எந்த ஒரு நிறுவனத்துக்கும் அது சொந்தமில்லை. அதைவிடப் பெரும்புகழ் பெற்ற மைஎஸ்கியூஎல்லை 1995-இல் மைக்கேல் விடேனியஸும் கூட்டாளிகளும் வெளியிட்டார்கள். அவர் மகள் 'மை'யின் பெயர்தான் அதற்கு. 2010-இல் அது ஆரக்கிள் வசமானது. விடேனியஸ் அதிலிருந்து கிளைத்த மரியாடிபிக்கு இளைய மகளின் பெயரை வைத்தார். வேகத்தில் மைஎஸ்கியூஎல்லைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கட்டத்துக்கு அடங்காத நீளமான முகவரியை அதன் பழைய பதிப்புகள் ஓர் எச்சரிக்கையோடு வாலை வெட்டிச் சேமித்துக்கொள்ளும். 2015-இல் வந்த 5.7 பதிப்பில்தான் கண்டிப்பு இயல்புநிலை ஆனது. 'கையிருப்பு சுழியத்துக்குக் கீழே போகக் கூடாது' என்று விதி எழுதினால், முன்பெல்லாம் மைஎஸ்கியூஎல் அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். அந்த விதியை அது மதிக்கத் தொடங்கியது 2019-இல், 8.0.16 பதிப்பில். போஸ்ட்கிரெஸ் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அப்படிப்பட்ட பதிவைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

அதன் உள்ளே நடக்கும் ஒரு காரியத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பழைய நகரத்தார் கிட்டங்கிகள் நினைவுக்கு வரும். மலாயாவின் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் கடன் கொடுத்தவர்கள் அவர்கள். கைமாறிய காசு முதலில் அன்றைய குறிப்பில் ஏறும். பிறகுதான் அங்கிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். போஸ்ட்கிரெஸும் எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதி, அது வட்டில் பதிந்த பிறகே 'ஆயிற்று' என்று பதில் சொல்கிறது. அட்டவணைகளைச் சாவகாசமாகத் திருத்திக்கொள்கிறது. நடுவில் மின்சாரம் போனால், எழுந்தவுடன் அந்தக் குறிப்பை விட்ட இடத்திலிருந்து வாசித்துக் கணக்கை நேர்செய்துவிடும். 2001-இல் 7.1 பதிப்போடு வந்த ஏற்பாடு இது. இத்தனை ஆண்டு கழித்தும் இதன் அழகு எனக்குக் குறையவில்லை.

தாப்பாவின் சாலையோரச் சரக்கான டுரியானை இணையத்தில் விற்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு தரவுதளத்தை இதைவிட நன்றாகச் சோதிக்கும் சரக்கு கிடைப்பது அரிது. விலை நாளுக்கு நாள் மாறும். ஆகவே ஆர்டரின் ஒவ்வொரு வரியும் அந்த நேரத்து விலையைத் தன்னிடமே பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பொருள் அட்டவணையின் விலையைச் சுட்டிக்காட்டிவிட்டு நின்றால், நாளை விலையை மாற்றியதும் நேற்றைய பில்லும் சேர்ந்து மாறிப்போகும். இரண்டு கிலோ கேட்டவருக்குப் பழம் இரண்டேகால் கிலோவாக அமையலாம். கேட்ட எடைக்கும் தராசு காட்டிய எடைக்கும் தனித்தனி இடம் தேவை. கடைசி மூசாங் கிங் பழத்தை ஈப்போவில் ஒருவரும் கிள்ளானில் ஒருவரும் ஒரே நொடியில் அழுத்துவார்கள். நல்ல தரவுதளம் ஒருவரை நிறுத்தி வைத்து, மற்றவர் கணக்கை முடித்து, பிறகு முதலாமவரிடம் 'தீர்ந்துவிட்டது' என்று சொல்லும். அமேசான் இதற்கு நேர்மாறான ஓர் இடத்தைக் கண்டுகொண்டது. கூடையில் போடுவதை மட்டும் எந்நிலையிலும் மறுக்கக் கூடாது என்று முடிவு செய்து, டைனமோ என்ற அமைப்பைக் கட்டி, 2007-இல் அதன் கட்டுரையை வெளியிட்டது. வாடிக்கையாளர் எடுத்துவிட்ட பொருள் எப்போதாவது கூடையில் மறுபடி முளைக்கலாம். அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. கூடையில் அந்தத் தாராளம் சரி, கையிருப்பில் கூடாது. ஒரே கடைக்குள் இரண்டு குணங்கள் வேண்டியிருப்பதைப் புரிந்துகொண்ட அந்த முடிவு என்னை மிகவும் கவர்ந்த ஒன்று.

பணத்தை மிதவை எண்ணாகச் சேமிப்பவர்களோடு மட்டும் எனக்குச் சமரசம் கிடையாது. அந்தக் கணக்கில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். சென்னில் முழு எண்ணாக வையுங்கள், இல்லையேல் தசம வகையைப் பயன்படுத்துங்கள். நம் நாட்டில் 2008 ஏப்ரலிலிருந்து ரொக்கத்தின் மொத்தத் தொகை ஐந்து சென்னுக்குச் சரிகட்டப்படுகிறது. 19 வெள்ளி 98 சென் பில்லுக்குக் கடையில் ரொக்கமாக 20 வெள்ளி, எஃப்பிஎக்ஸ் என்ற இணைய வங்கிக் கட்டண வழியில் அதே 19.98. கடையிலும் இணையத்திலும் விற்பவருக்கு இந்த இரண்டு சென்னுக்கும் தனி வரி வேண்டும். எஃப்பிஎக்ஸில் இன்னொரு நுட்பமும் உண்டு. பணம் கட்டியவர் வங்கிப் பக்கத்தை மூடிவிட்டுப் போனாலும், செய்தி பின்வாசல் வழியாக நம் சர்வருக்கு வரும். சிலவேளை இரண்டு முறை வரும். பரிவர்த்தனை எண் தனித்ததாகவே இருக்க வேண்டும் என்று தரவுதளத்தில் ஒரு விதி எழுதிவிட்டால், இரண்டாவது செய்தி வாசலிலேயே திரும்பிவிடும். ஒரே கட்டணத்துக்கு இரண்டு பொட்டலம் போகாது.

சிறிய கடைக்கு இவ்வளவும் தேவையா? இருபது முப்பது பொருள் விற்பவர் ஷாப்பிஃபை அல்லது மலேசியாவின் ஈஸிஸ்டோரில் மாத வாடகை கட்டி உட்காரலாம்; அதில் குறையொன்றுமில்லை. வேர்ட்பிரஸ் தெரிந்தவர்களுக்கு வூகாமர்ஸ் இருக்கிறது. அது நெடுங்காலம் ஆர்டர்களைக் கட்டுரைகள் கிடக்கும் அட்டவணையிலேயே போட்டு வைத்தது. 2023-இல் 8.2 பதிப்பிலிருந்துதான் புதுக் கடைகளின் ஆர்டர்களுக்குச் சொந்த அட்டவணைகள் இயல்பாகக் கிடைத்தன. சொந்தமாகக் கட்டுவதென்றால் நான் எடுப்பது ஜாங்கோவை. அமெரிக்காவின் கான்சஸில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்து 2005-இல் வெளியான கருவி அது. கடை ஊழியர் பொருள் சேர்க்க, விலை திருத்த ஒரு நிர்வாகப் பக்கம் அதோடு தயாராகவே வருகிறது. சேலைக்கு நீளமும் நிறமும், மிளகாய்த்தூளுக்கு எடையும் காலாவதியும் என்று பொருளுக்குப் பொருள் மாறும் விவரங்களுக்காக மோங்கோடிபி பக்கம் போகிறவர்கள் உண்டு. 2014 டிசம்பரில் போஸ்ட்கிரெஸ் 9.4-இல் வந்த ஜேசன்பி கட்டம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. கறாரான கணக்கும் நெகிழ்வான விவரமும் ஒரே கூரைக்குள் இருக்க, இரண்டாவது தரவுதளத்தைக் கட்டி மேய்ப்பானேன்?

தமிழில் தேடும் வாடிக்கையாளருக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். முரசு அஞ்சலும் செல்லினமும் தந்த முத்து நெடுமாறன் பிறந்த நாட்டில், தமிழில் தட்டச்சு செய்து பொருள் தேடுவது புதுமையில்லை. 'கொத்தமல்லி'யின் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு வகையாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம். கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகவும் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அப்படியே விட்டுவிட்டால் போஸ்ட்கிரெஸுக்கு அவை வேறு வேறு சொற்கள்; அலமாரி நிறையத் தூள் இருந்தும் தேடியவருக்கு 'பொருள் இல்லை' என்று வரும். இங்கே அந்த மறுப்பு தவறு. 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பில் இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் செயற்கூறு சேர்ந்தது. பொருளின் பெயரைச் சேமிக்கும்போது ஒருமுறையும், தேடுகிறவர் தட்டிய சொல்லின்மேல் ஒருமுறையும் அதை ஓடவிட்டால், இரண்டு கொத்தமல்லியும் ஒரே பொட்டலத்தைக் கொண்டுவந்து காட்டும்.