மேட்டில் தெரியும் குதிரை

ஒரு பந்தயக் குதிரை எத்தனை முறை வென்றது என்பதை வைத்து அதன் வேகத்தை அளக்கலாம், ஓட்டத்தின் அழகை அளக்க முடியாது. ஜப்பானின் டீப் இம்பாக்ட் 14 பந்தயங்களில் 12 வென்றது; 2005-இல் அந்நாட்டின் மும்முடிப் பந்தயங்கள் மூன்றையும் தோல்வியே காணாமல் கைப்பற்றியது. ஆனால் அதை ரசிக்கச் சரியான இடம் பரிசுப் பட்டியல் அல்ல, கியோத்தோ பந்தயத் திடலின் மூன்றாம் திருப்பத்தில் இருக்கும் மேடு. அதன் உயரம் 4.3 மீட்டர்தான். நம் மலையூரான வெள்ளிமலையில் இருப்பவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். கச்சிராயபாளையத்திலிருந்து ஏறும் பாதையில் ஒரு வளைவுக்குக்கூட அது காணாது. ஆனால் மலைச்சாலையின் நியாயம்தான் அங்கும்: ஏற்றத்தில் மூச்சு போகும், இறக்கத்தில் பிடி போகும். ஆகவே மெல்ல ஏறி மெல்ல இறங்குவதே அங்கு ஜாக்கிகளின் பழைய பாடம்.

2005 அக்டோபரில் அங்கு நடந்த கிக்கூக்கா ஷோ பந்தயம் 3000 மீட்டர். அந்த மேட்டை இருமுறை கடக்க வேண்டும். முதல் சுற்றிலேயே குதிரை கடிவாளத்தை மீறி முன்னே பாயப் பார்த்தது. ஜாக்கி யுதாக்கா தகே அதை அடக்கிப் பிடித்துத்தான் வெற்றிக்குக் கொண்டுவந்தார். 2006 ஏப்ரல் 30 அன்று அதே திடலில் தென்னோ ஷோ, 3200 மீட்டர். மெதுவாகப் புறப்பட்டுப் பின்வரிசையில் வந்த குதிரை, இரண்டாம் சுற்றில் மேட்டிலேயே முன்னேறத் தொடங்கி, சரிவில் ஒவ்வொன்றாகத் தாண்டி, நேர்ப்பாதை வரும்போது முதலிடத்தில் இருந்தது. நேரம் 3 நிமிடம் 13.4 விநாடி, 1997-இல் மயானோ டாப் கன் என்ற குதிரை வைத்த சாதனையைவிட முழுதாக ஒரு விநாடி குறைவு. 2600 மீட்டர் ஓடிய பிறகு வந்த கடைசி 600 மீட்டரை 33.5 விநாடியில் முடித்தது. அக்டோபரில் அடக்க வேண்டியிருந்த அதே வேட்கை, ஏப்ரலில் உரிய இடத்தில் அவிழ்த்துவிடப்பட்டது. பழைய பாடத்தை மீறலாம், ஆனால் எப்போது மீறுவது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தக் குதிரையின் கலை அதுதான்.

எதிரிகள் பலவீனமானவர்கள் என்று சொல்வதற்கில்லை. மூன்றரைக் குதிரை நீளம் பின்தங்கி இரண்டாவதாக வந்த லிங்கனும் பழைய சாதனையை முறியடித்தே தோற்றது. எல்லாம் தந்தை சண்டே சைலன்ஸின் ரத்தம் என்றால், பாதி உண்மை. ரத்தம் வேகத்தைத் தரும், அதைச் செலவிடும் நேரத்தைச் சொல்லித் தராது. மேலும் வாய்த்த உடலும் பெரிதல்ல: எடை 440 கிலோவை ஒட்டியே நின்றது, குளம்பு மெலிந்திருந்ததால் லாடத்தை ஆணியடிக்காமல் பசையால் ஒட்டினார்கள். குதிரைப் பந்தயமே சூதாட்டம், அதில் ரசனை ஏது என்பது நம் ஊரில் எழும் கேள்வி. கிண்டிப் பந்தயம் தொடர்பான வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், இது முதன்மையாகத் திறமையைச் சார்ந்த விளையாட்டு என்றே தீர்ப்பளித்தது. குடும்பங்களைக் கெடுத்த பந்தயப் பணத்தை அந்தத் தீர்ப்பு புனிதமாக்கிவிடவில்லை. ஆனால் அந்தக் கிக்கூக்கா ஷோவில் இக்குதிரை வெல்லும் என்று 100 யென் கட்டியவருக்குத் திரும்பி வந்தது அதே 100 யென்தான். லாபமில்லாத சீட்டை அத்தனை பேர் வாங்கியதைப் பணத்தாசை மட்டும் விளக்காது.

கறையும் உண்டு. 2006 அக்டோபரில் பாரிஸின் ஆர்க் டி திரியோம்ஃப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்த குதிரை, தடைசெய்யப்பட்ட சுவாச மருந்தான இப்ராட்ரோபியம் உடலில் கண்டறியப்பட்டதால் தகுதி நீக்கம் செய்யப்பட்டது. அந்த ஓட்டத்தைக் கணக்கிலிருந்து நீக்குவதே நேர்மை. 2017-இல் கிட்டாசன் பிளாக் என்ற குதிரை 3 நிமிடம் 12.5 விநாடியில் ஓடியதால் தென்னோ ஷோ சாதனையும் போய்விட்டது. ஆக, பட்டத்தையும் நேரத்தையும் மட்டும் நம்பிய புகழ் தேய்ந்துகொண்டேதான் போகும். மேட்டில் எடுத்த முடிவை மதிப்பவருக்கு இந்த இரண்டாலும் நட்டமில்லை. ஒரு குதிரையைப் போற்ற அதன் வெற்றிகளை எண்ணுவதைவிட, எந்த இடத்தில் அது தன் வேகத்தைச் செலவிட்டது என்று பார்ப்பதே நல்ல ரசனை.