ஒட்டிய இடம் ஒன்று, எழுதும் பெயர் வேறு

வயிற்றின் ஆழத்தசையான குறுக்குத்தசை சோர்ந்ததால்தான் முதுகு வலிக்கிறது என்ற நம்பிக்கை உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து இயன்மருத்துவ வகுப்பறை வரை பரவிவிட்டது. அதை நிரூபிக்க வயிற்றில் இரண்டு மின்வாய்களை ஒட்டி, திரையில் ஓடும் கோட்டைக் காட்டுகிறார்கள். கேள்வி கேட்டால், சரியான இடத்தில் ஒட்டினால் ஆழத்தசையும் தெரியும் என்று ஆய்வாளர் மெக்கிலின் குழு 1996இலேயே சொல்லிவிட்டதே என்கிறார்கள்.

தோலின்மேல் மின்வாய் ஒட்டினால் ஊசி இல்லை, வலி இல்லை, செலவும் குறைவு. நேர்தசைக்கும் வெளிச்சாய்தசைக்கும் இம்முறை போதும். இங், கிப்பர்ஸ், ரிச்சர்ட்சன் மூவரும் 1998இல் வயிற்றுத் தசைகளின் நார்த்திசைகளை அளந்து தந்தபின் எங்கே ஒட்டுவது என்பதிலும் பெரிய குழப்பமில்லை.

என் சண்டை பெயர் சூட்டுவதோடுதான். இடுப்பெலும்பின் முன்முனைக்கு உட்கீழாகச் சுமார் 2 சென்ரிமீற்றரில் வெளிச்சாய்தசை வெறும் தசைநாண் தகடாகிவிடும். அதனால்தான் அந்த இடம் பிடித்தது. ஆனால் அதன் அடியில் உட்சாய்தசையும் குறுக்குத்தசையும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஏறத்தாழ ஒரே திசையில் ஓடுகின்றன. மின்வாய்க்கு வந்து சேர்வது இரண்டின் கூட்டுச் சமிக்ஞை. அதை 'குறுக்குத்தசை' என்று வரைபடத்தில் எழுத யார் அனுமதி கொடுத்தது? முதுகுவலிக்காரரிடம் குறுக்குத்தசை தாமதமாக இயங்குகிறது என்று ஹொட்ஜஸும் ரிச்சர்ட்சனும் 1996இல் காட்டியது தசைக்குள் நுண்கம்பி செருகி. அந்தக் கண்டுபிடிப்பின் மதிப்பை ஒட்டுப்பட்டைக்கு இரவல் வாங்க முடியாது. மெக்கில் குழு ஒப்பிட்டதும் சமிக்ஞையின் வீச்சைத்தான். வீச்சு ஓரளவு ஒத்துப்போனால், மில்லிசெக்கன் கணக்கில் எந்தத் தசை முந்தியது என்பதும் தெரிந்துவிடுமா?

இலங்கையில் மாத்தளையின் எல்கடுவ, ரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களுக்கு இந்த மின்வாய்களைக் கொண்டுபோய்ப் பாருங்கள். கொழுந்தெடுக்கும் பெண்ணின் இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்கு. அதை இறுக்கும் கயிறு ஏறக்குறைய அந்த இடத்தின் மேலேயே உரசும். ஈரச்சேலை, வியர்வை, சிலருக்குச் சிசேரியன் தழும்பு. சரிவில் குனிந்து நிமிர்ந்தால் தோல் ஒரு பக்கம் நகர, தசை அடியில் வேறு பக்கம் போகும். கயிற்றின் உரசல்கூடத் தசைத்துடிப்பு போலப் பதியும். படங்கை அவிழ்த்துவிட்டு அறைக்குள் அளந்தாலோ, கூடையைச் சுமப்பவளை அளக்கவேயில்லை. முழுப்பலத்தோடு வயிற்றை இறுக்கச் சொல்லி, அதை நூறு வீதமாக வைத்துக் கணக்கிடுவார்கள். வலியுள்ளவள் முழுப்பலம் தருவாளா?

இத்தனைக்கும் பிறகு வரும் தீர்ப்பு: அம்மாவுக்கு ஆழத்தசை பலவீனம், பயிற்சி செய்யட்டும். கூடையின் பாரத்தைப் பற்றி ஒரு வரிகூட இராது.

'உட்சாய்தசையும் குறுக்குத்தசையும் கலந்த சமிக்ஞை' என்று எழுதினால் ஆய்வுக் கட்டுரைக்கு எடுப்பு இராது என்கிறார்கள். இராவிட்டால் போகட்டும்.