மனமறி வித்தையிலும் சீட்டு வித்தையிலும் மூலவரைச் சுட்டும் மரபு: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மாயவித்தைக் கலையில் ஓர் உத்தியைக் கண்டறிந்தவருக்குச் சட்டம் அளிக்கும் காப்பு மிகக் குறைவு. எனவே, ஒருவர் கண்டறிந்ததை அவர் பெயரோடு சேர்த்து வழங்கும் மரபே அக்கலைஞருக்குக் கிடைக்கும் முதன்மையான உரிமையாக உள்ளது. அம்மரபு எந்த அளவுகோலின்மேல் இயங்குகிறது என்பதனை மேலைநாட்டுச் சீட்டு வித்தை, மனமறி வித்தை ஆகியவற்றின் வரலாற்றிலிருந்து சில சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ‘முதலில் அச்சிட்டவரே மூலவர்’ என்னும் எளிய விதி போதாது என்பதும், விளைவு, உத்தி, அரங்கேற்றம் ஆகிய மூன்றையும் பிரித்தறிந்த பின்னரே மூலவரைச் சுட்ட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: மாயவித்தை, மனமறி வித்தை, சீட்டு வித்தை, மூலவர், வழிநூல், பதிப்புரிமை

முன்னுரை

ஒரு நூலின் தகுதியை ஆராயுமுன் அது முதல்நூலா, வழிநூலா, சார்புநூலா என வினவுவது தமிழ் இலக்கண மரபு. முதல்நூலின் வழிவந்து வேண்டும் வேறுபாடுகளைச் சேர்த்துக்கொள்ளும் நூலை அம்மரபு தாழ்த்தியதில்லை. அதற்கென ஒரு பெயரும் இடமும் வகுத்தது. வழிநூலை முதல்நூலென்று சொல்லிக்கொள்வதே குற்றமாகும். இந்தப் பாகுபாடு ஏட்டுக்கல்விக்கு மட்டும் உரியதன்று. கைத்திறனாலும் மறைபொருளாலும் வாழும் கலைகளுக்கும் அது பொருந்தும். அத்தகைய கலைகளுள் சீட்டு வித்தையும் மனமறி வித்தையும் குறிப்பிடத்தக்கவை. மறைபொருளைக் காப்பது இவற்றின் அறம். ஆயினும் அம்மறைபொருள் யாருடையது என்பதை வெளிப்படச் சொல்வதும் இவற்றின் அறமே. இவ்விரண்டு அறங்களுக்கும் இடையிலான இழுபறியே மூலவரைச் சுட்டும் சிக்கலின் அடிப்படையாகும்.

சட்டத்தின் எல்லை

பதிப்புரிமைச் சட்டம் எண்ணத்தைக் காப்பதில்லை. எண்ணத்தின் வெளிப்பாட்டையே காக்கிறது. ஒரு வித்தையை விளக்கும் நூலின் சொற்களைப் படியெடுத்தல் குற்றமாகும். அந்நூல் கற்பிக்கும் உத்தியைப் பயன்படுத்துதல் குற்றமாகாது. காப்புரிமை கோரினால் செய்முறையைப் பொதுமக்கள் படிக்குமாறு எழுதிக்கொடுக்க வேண்டும். அது மறைபொருளைத் தானே அழித்துக்கொள்வதற்கு ஒப்பாகும்.

அமெரிக்க வித்தையாளர் டெல்லரின் வழக்கு இவ்வெல்லையை நன்கு காட்டுகிறது. திரையில் விழும் ரோஜாவின் நிழலைக் கத்தியால் வெட்ட, உண்மையான பூவின் இதழ்கள் உதிரும் ‘நிழல்கள்’ என்னும் காட்சியை அவர் 1983-இல் நாடகப் படைப்பாகப் பதிவு செய்திருந்தார். அக்காட்சியை ஒத்த ஒன்றை வேறொரு வித்தையாளர் விற்க முற்பட்டபோது எழுந்த வழக்கில், நெவாடா மாவட்ட நீதிமன்றம் 2014-இல் டெல்லரின் பக்கம் நின்றது. ஆனால் அவருக்கு வெற்றி தந்தது அவருடைய உத்தியன்று; ஊமைக்கூத்தாக அமைந்த அரங்கேற்றமே. வித்தை என்ற அளவில் அதற்குப் பதிப்புரிமை இல்லை என்பதும் அவ்வழக்கில் தெளிவாயிற்று.

சட்டமின்றியே வித்தையாளர்கள் தம் அறிவுடைமையைக் காக்கும் முறையைச் சட்ட ஆய்வாளர் ஜேக்கப் லோஷின் ஆராய்ந்துள்ளார். குழுவினர் தமக்குள் வகுத்துக்கொண்ட ஒழுக்கமும், அதனை மீறுவோரை ஒதுக்கும் வழக்கமுமே அங்குச் சட்டத்தின் பணியைச் செய்கின்றன. அவ்வாறாயின் மூலவரின் பெயரைச் சொல்லுதல் வெறும் மரியாதையாகாது. அது உரிமைப் பத்திரமாகிறது. பத்திரத்தில் பெயர் பிழைபட்டால் உடைமை கைமாறிவிடும்.

பெயரும் மூலமும்

52 சீட்டுகளையும் ஒவ்வொன்றும் முந்தையதைவிட மூன்று எண் கூடுதலாக வருமாறும், கிளாவர், ஆர்ட்டின், இஸ்பேடு, டைமண்டு என இனங்கள் சுழன்று வருமாறும் அடுக்கும் முறை ‘சை ஸ்டெபின்ஸ் அடுக்கு’ எனப்படுகிறது. கட்டை எத்தனை முறை வெட்டினாலும் சுழல்வரிசை மாறாது. அடியில் உள்ள சீட்டைக் கண்டால் மேலே இருப்பது எது என அறியலாம். ஒரே எண்ணுடைய சீட்டுகள் 13 இடங்களுக்கு ஒருமுறை வரும். அமெரிக்கரான ஸ்டெபின்ஸ் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதனைச் சிறு வெளியீடாக விற்றுப் பரப்பினார்; பெயரும் அவருடையதாயிற்று. ஆனால் கூட்டுத்தொடர் முறையில் சீட்டுகளை அடுக்கும் கருத்து, 1593-இல் வெனிஸில் அச்சான ஹொராசியோ கலாசோவின் சிறுநூலிலேயே காணப்படுகிறது. இரண்டிற்கும் இடையே மூன்று நூற்றாண்டுகள் உள்ளன.

இங்கு ஸ்டெபின்ஸைத் திருடர் எனக் கூறுவதற்கு இடமில்லை. ஓர் எளிய எண்கணித உண்மையைப் பலர் தனித்தனியே கண்டடைதல் இயல்பு. அதே வேளையில், வழங்கும் பெயரைக் கொண்டு அவரை மூலவர் என்பதும் தவறாகும். உத்திக்கு வழங்கும் பெயர் பெரும்பாலும் அதனைப் பரப்பியவரின் பெயர். பரப்புதலும் ஒரு பணியே. ஆனால் அது கண்டுபிடித்தலினும் வேறானது.

மனமறி வித்தையில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. மறைத்து வைத்த பொருளை, அதன் இடம் அறிந்தவரின் கையைப் பற்றிக்கொண்டு, அவருடைய தசைகளின் நுண்ணிய அசைவால் கண்டறியும் கலையை அமெரிக்காவில் 1870-களில் புகழ்பெறச் செய்தவர் ஜே. ராண்டல் பிரவுன். நரம்பியல் மருத்துவர் ஜார்ஜ் பியர்டு அவரை ஆராய்ந்து, இது மனத்தைப் படித்தலன்று, தசையைப் படித்தலே என விளக்கினார். பிரவுனுக்கு உதவியாளராயிருந்த வாஷிங்டன் இர்விங் பிஷப் அதே கலையைப் பிரிட்டனுக்குக் கொண்டு சென்று பெரும்புகழ் பெற்றார். பிஷப்பிடம் பணியாற்றிய ஸ்டூவர்ட் கம்பர்லாந்து பின்னர் அவருக்கே போட்டியாளரானார். ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளில் இக்கலை ‘கம்பர்லாந்தியம்’ எனப் பெயர் பெற்றது. இருபதாம் நூற்றாண்டில் ஆக்சல் ஹெல்ஸ்ட்ராம் என்பவரால் அமெரிக்க வித்தையாளரிடையே ‘ஹெல்ஸ்ட்ராமியம்’ என்ற பெயரும் நிலைத்தது.

ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு, அவரிடமிருந்து அவருடைய மாணவருக்கு எனச் சென்ற ஒரு கலை, ஒவ்வொரு கடலைக் கடக்கும்போதும் முந்தையவரின் பெயரை உதிர்த்துவிட்டது. எந்த நாட்டினர் யாரை மேடையில் கண்டனரோ அவர் பெயரே அங்கு மூலவரின் பெயராயிற்று. பிரவுனின் பெயரோ ஆய்வாளர்களுக்கு மட்டும் உரியதாய் எஞ்சியது.

சான்றும் குற்றச்சாட்டும்: ஹூடினியின் நூல்

மூலவரைத் தேடும் முயற்சியே அநீதியாக மாறக்கூடும் என்பதற்குச் சிறந்த சான்று ஹாரி ஹூடினி 1908-இல் வெளியிட்ட ‘ராபர்ட்-ஹூடினின் முகத்திரை கிழித்தல்’ என்னும் நூல். இளமையில் ராபர்ட்-ஹூடினின் தன்வரலாற்றைப் படித்து வியந்து, அவர் பெயரையே தம் மேடைப்பெயராக்கிக்கொண்டவர் ஹூடினி. அதே கையால், பூத்துக் காய்க்கும் ஆரஞ்சு மரம், எழுதும் பொம்மை, இரண்டாம் பார்வை முதலியவை ராபர்ட்-ஹூடினின் சொந்தப் படைப்புகள் அல்ல என்று பின்னர் எழுதினார்.

இரண்டாம் பார்வை என்பது, கண் கட்டப்பட்ட ஒருவர் பார்வையாளர் காட்டும் பொருள்களைச் சொல்லும் மனமறி வித்தை. ராபர்ட்-ஹூடின் 1846-இல் தம் மகன் எமிலைக் கொண்டு இதனைப் பாரிஸில் நிகழ்த்தினார். தம் பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு பொருளை ஊகிக்கும் விளையாட்டை ஆடியபோது இவ்வெண்ணம் தோன்றியது எனத் தன்வரலாற்றில் குறிப்பிட்டார். ஹூடினி இதனை மறுத்து, 1784-இல் லண்டனில் பினெட்டி தம் மனைவியைக் கொண்டு இத்தகைய காட்சியை நடத்தியதற்கான விளம்பரத்தை எடுத்துக்காட்டினார்.

ஹூடினி திரட்டிய பழைய விளம்பரத்தாள்களின் மதிப்பு இன்றும் குறையவில்லை. வித்தை வரலாற்றை வாய்மொழிக் கதையிலிருந்து ஆவணத்துக்கு நகர்த்திய நூல்களுள் அதுவும் ஒன்று. பிழை அவர் கொண்ட முடிபில் உள்ளது. விளம்பரம் விளைவை மட்டுமே அறிவிக்கும். அதனை நிகழ்த்திய உத்தியை அறிவிக்காது. பினெட்டியின் மேடையிலும் ராபர்ட்-ஹூடினின் மேடையிலும் பார்வையாளர் கண்ட வியப்பு ஒன்றாக இருக்கலாம். அவ்வியப்பை உண்டாக்கிய வழி ஒன்றே என்பதற்கு அவ்விளம்பரம் சான்றாகாது. விளைவின் ஒப்புமையை உத்தியின் ஒப்புமையாகக் கொண்டதே ஹூடினியின் வழு. மொரிஸ் சார்டினா என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் 1947-இல் ஹூடினியின் பிழைகளைத் தொகுத்துத் தனிநூலாகவே வெளியிட நேர்ந்தது.

அச்சேறாதவர்களும் பெயரற்றவர்களும்

முதலில் அச்சிட்டவரே மூலவர் என்னும் விதி ஆய்வாளருக்கு வசதியானது. தேதியைக் காட்டினால் வழக்கு முடிந்துவிடும். ஆனால் மறைவையே உயிராகக் கொண்ட கலையில் சிறந்தவர் பலர் அச்சை விரும்பியதில்லை. வியன்னாவின் யோஹான் நெபொமுக் ஹோஃப்சின்சர் (1806–1875) தம் சீட்டு வித்தைகளை நூலாக வெளியிடாமலே மறைந்தார். மாணவர்க்கு அவர் எழுதியவற்றையும் கற்பித்தவற்றையும் திரட்டி ஒட்டோகர் ஃபிஷர் 1910-இல் நூலாக்கினார். அச்சுத் தேதியை மட்டும் நோக்கினால், ஹோஃப்சின்சர் தாம் இறந்து 35 ஆண்டுகளுக்குப் பின்னர்தான் கலைஞரானார் என்று சொல்ல நேரிடும்.

இருபதாம் நூற்றாண்டிலும் இச்சிக்கல் தொடர்ந்தது. டை வெர்னன் நண்பர்களிடையே காட்டியும் பேசியும் தம் கலையை வளர்த்தவர். சிகாகோவின் எட்வர்டு மார்லோ ஓயாது எழுதி, தேதியிட்டு வெளியிட்டவர். சீட்டைக் கட்டின் நடுவில் செருகுவதுபோலத் தோன்றச் செய்து மேலிருந்து இரண்டாம் இடத்தில் வைக்கும் உத்தியை மார்லோ 1962-இல் ‘டில்ட்’ என வெளியிட்டார். வெர்னனின் வட்டத்தாரோ அதனை அவருடைய ‘ஆழத் தோற்றம்’ என்றே வழங்கினர். ஒருவர்க்கு ஏடு சான்று. மற்றவர்க்குச் சுற்றத்தாரின் நினைவு சான்று. ஏட்டை மட்டும் ஏற்பது எழுதுவோர்க்குச் சார்பாகும்; நினைவை மட்டும் ஏற்பது செல்வாக்குடையோர்க்குச் சார்பாகும்.

பெயரே இல்லாத மூலவரின் நிலை இதனினும் வேறானது. 1902-இல் சிகாகோவில் வெளிவந்த ‘சீட்டு மேசை வல்லுநர்’ என்னும் நூல் இன்றும் சீட்டுக் கைத்திறனின் அடிப்படை நூலாகக் கொள்ளப்படுகிறது. அதன் ஆசிரியர் எஸ். டபிள்யூ. எர்ட்நேஸ் யார் என்பது நூறாண்டு ஆராய்ச்சிக்குப் பின்னும் உறுதிப்படவில்லை. பெயரைத் திருப்பிப் படித்து ஆண்ட்ரூஸ் என்பாரும் உளர். எழுத்துகளை மாற்றியடுக்கிச் சாண்டர்ஸ் என்பாரும் உளர். இயற்பெயர் தெரியாத நிலையில் தம் தொடராலேயே பெயர் பெற்ற சங்கப் புலவர் சிலரைத் தமிழ் ஆய்வுலகம் நன்கறியும். செம்புலப்பெயனீரார் யார் என்பது தெரியாமையால் அவருடைய பாடலை வேறொருவர்க்கு உரிமையாக்க எவரும் துணிந்ததில்லை. எர்ட்நேஸுக்கும் அந்நீதியே உரியது. மூலவரைச் சுட்டுதல் ஆளை அடையாளம் காண்பதன்று. படைப்பை அதன் இடத்தில் நிறுத்துவதே.

துறை கடந்த நேர்மை

52 சீட்டுகளைப் போதிய அளவு கலைக்க ஏழு முறை தேவை என்னும் புகழ்பெற்ற முடிபை டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992-இல் கணித ஆய்விதழில் வெளியிட்டனர். கலைத்த கட்டில் பழைய வரிசையின் துண்டுகள் ‘ஏறுவரிசை’களாக எஞ்சுகின்றன என்பதே அவ்வாய்வின் திறவுகோல். அதனை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டறிந்தோர் வில்லியம்ஸ், சார்லஸ் ஜோர்டன் ஆகிய வித்தையாளர்கள் என அக்கட்டுரை வெளிப்படையாகக் கூறுகிறது. ஜோர்டன் கலிபோர்னியாவில் கோழிப் பண்ணை நடத்திக்கொண்டு, அஞ்சல்வழி வித்தைகளை விற்றவர். அவர் கணிதத் தேற்றம் எதையும் நிறுவவில்லை. நிறுவியவர்கள் பேயரும் டயகோனிஸுமே. ஆயினும் கண்டது யார், நிறுவியது யார் என்பதை அவர்கள் பிரித்துக் காட்டினர். அவ்வாறு காட்டியதால் அவர்களுடைய பெருமை சிறிதும் குறையவில்லை. பெயரைச் சொன்னால் தன் பங்கு சிறுத்துவிடும் என்னும் அச்சத்துக்கு இதுவே தக்க விடையாகும்.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூலவரைச் சுட்டுவோர் எழுப்ப வேண்டிய வினாக்கள் தெளிவாகின்றன. ஒப்பிடப்படுவது பார்வையாளர் காணும் விளைவா, அதனை நிகழ்த்தும் உத்தியா, அரங்கேற்றமா என்பது முதல் வினா. கண்டறிந்தவர், முதலில் அச்சிட்டவர், செப்பம் செய்தவர், பரப்பியவர் ஆகியோர் ஒருவரா பலரா என்பது இரண்டாவது. பிற்காலத்தவர் முற்காலத்தவரை அறிந்திருந்தாரா என்பது மூன்றாவது. இம்மூன்றாம் வினாவுக்கு விடை கிட்டாதவரை முந்துமையைக் கூறலாம், திருட்டைக் கூறலாகாது. ஸ்டெபின்ஸ் வழக்கில் முதல் இரண்டு வினாக்களே போதும். ஹூடினி முதல் வினாவைத் தாண்டிச் சென்றதால் தவறினார். பிரவுனை மறந்தவர்கள் இரண்டாவதை எழுப்பவே இல்லை.

பெயர்களை நீண்ட பட்டியலாக அடுக்குவதும் இச்சிக்கலுக்குத் தீர்வாகாது. யாரிடமிருந்து எதைப் பெற்றார் எனக் கூறாத பட்டியல், கடனை ஒப்புக்கொள்வதுபோலத் தோன்றும் அணிகலனாகவே எஞ்சும். ‘இவ்வுத்தி இவருடையது, இம்மாற்றம் என்னுடையது’ என ஒரு வித்தையாளர் எழுதும் ஒரே தொடர் அத்தகைய பட்டியலினும் மேலானது. முதல்நூல் எது, தான் சேர்த்தது எது எனச் சொல்லும் வழிநூலாசிரியரின் கடமையும் அதுவே. மேடையில் பொய் சொல்லப் பார்வையாளரிடம் இசைவு பெற்ற கலை இது. அவ்விசைவு மேடையோடு முடிந்துவிடுகிறது. ஏட்டில் அதற்கு இடமில்லை.