ஒரு மன்றாட்டு, இரு தாயர்

அந்நியரோடு பொருத போரைப் பாட எந்நாட்டிலும் புலவர் உண்டு. விடுதலைக்குப்பின் உடன்பிறந்தார் தம்முள் பொருத கதையைச் சொல்ல நா எழுவது அரிது. அயர்லாந்தில் அப்புண் ஆறுமுன்னரே அதனை மேடையேற்றியவர் ஷான் ஓகேசி. உள்நாட்டுப் போர் 1923 மே மாதத்தில் ஓய்ந்தது. 1924 மார்ச்சில் டப்ளின் நகர அபே அரங்கில் அவருடைய ‘ஜூனோவும் மயிலும்’ அரங்கேறிற்று.

1921 டிசம்பரில் பிரிட்டனோடு செய்த உடன்படிக்கை தன்னாட்சி தந்தது. பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசம் கூறும் உறுதிமொழியையும் உடன் விதித்தது. அயர்லாந்துப் பேரவை 1922 ஜனவரியில் 64க்கு 57 என்ற வாக்குகளால் அதனை ஏற்றது. ஏற்றவர் சுதந்திர அரசினர், மறுத்தவர் குடியரசினர். ஜூன் 28ஆம் நாள், நீதிமன்ற மாளிகையைக் கைக்கொண்டிருந்த குடியரசினர்மேல் புதிய அரசின் பீரங்கிகள் முழங்கின. அங்கே பிடிபட்ட ரோரி ஓகானர் டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு இசைந்த அமைச்சருள் ஒருவரான கெவின் ஓஹிக்கின்ஸ், முந்திய ஆண்டுதான் தம் திருமணத்தில் அதே ஓகானரை மாப்பிள்ளைத் தோழராக நிறுத்திக்கொண்டவர்!

ஓகேசி இத்தலைவர்களை மேடைக்கு அழைக்கவில்லை. ஒண்டுக் குடித்தனக் கட்டடமொன்றில் இரண்டே அறைகள் அவருக்குப் போதும். வேலை என்றதும் கால்வலி கண்டுவிடும் வாய்வீச்சுக்காரன் ‘காப்டன்’ பாயில். அவன்தான் தோகை விரிக்கும் மயில். குடும்பத்தைச் சுமப்பவள் மனைவி ஜூனோ. மகன் ஜானி 1916 எழுச்சியில் இடுப்பில் குண்டடிபட்டவன். பின்னைய சண்டையில் ஒரு கையை இழந்தவன். தன் தோழன் டான்கிரெடைக் காட்டிக்கொடுத்தவனும் அவனே. அது வீட்டார்க்குத் தெரியாது.

நாடகத்தின் உயிர் இரண்டாம் அங்கத்தில் இருக்கிறது. வரப்போகும் சொத்தை நம்பிக் கடனுக்கு வாங்கிய பொருள்களின் நடுவே பாட்டும் குடியுமாய் இருக்கின்றனர். அப்போது அதே கட்டடத்துக் கிழவி டான்கிரெட், மகனின் உடலை எதிர்கொள்ளப் போகிறவள், வாயிலில் நிற்கிறாள். அவள் மகன் தலைமை தாங்கிய தாக்குதலில் இறந்தவன் பக்கத்துக் குடித்தனக்காரியின் மகன், அரசுப் படைவீரன். தன் மகன் மடிந்த வேளையில் விண்ணவர் எங்கே போயினர் எனக் கேட்டு, பகை நீங்க அவள் இயேசுவின் திரு இருதயத்தை மன்றாடுகிறாள். கேட்டவர் இரங்குகின்றனர். அவள் சென்றதும் ஜூனோ என்ன சொல்கிறாள்? அந்தத் தீவிரவாதிகளுக்கு வீட்டைத் திறந்துவிட்டவளுக்கு ஒருவகையில் இது வேண்டியதுதான் என்கிறாள்! சற்றைக்கெல்லாம் கிராமபோன் பாடுகிறது.

மூன்றாம் அங்கத்தில் ஜானியைத் தோழர்களே இழுத்துச் சென்று கொல்கின்றனர். அப்போது ஜூனோவின் வாயில் அதே மன்றாட்டு வருகிறது. இது மலிவான உருக்கம் எனக் குறைகூறுவோர் உண்டு. நான் உடன்படேன். மன்றாட்டுக்கு முன் அவள் பேசுவதைக் கேட்க வேண்டும். டான்கிரெட்டின் மகனைக் கட்சிக்காரனாக மட்டுமே கண்டோமே, இறந்துபோன ஒரு பிள்ளையாகக் காணவில்லையே என்று தன்னையே நோகிறாள். கையறுநிலைப் புலம்பல் இங்கே குற்ற ஒப்புதலாகவும் ஆகிவிடுகிறது. கிழவியின் சொற்களையன்றி அவளுக்கு வேறு சொல் ஏது?

குறை வேறிடத்தில் உளது. பென்தம் என்பான் உயிலைப் பிழைபட எழுதியதும், மகள் மேரியைக் கருவுறச் செய்துவிட்டு மறைவதும் பழைய நாடகக் கொட்டகைச் சரக்கு. அவன் மேடையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அட்டை உருவமே தெரிகிறது.

தாயும் மகளும் வெளியேறியபின் வரும் குடிகாரர் காட்சியை விட்டுவிட்டால் என்ன என்று தோன்றலாம். விடலாகாது. பொருள்களைக் கடன்காரர் கொண்டுபோய்விட்ட வெற்றறையில் பாயிலும் நண்பன் ஜாக்ஸரும் தள்ளாடி நுழைகின்றனர். பாயில் நாட்டைப் பற்றியும் உலகின் சீர்கேட்டைப் பற்றியும் குழறுகிறான். மகன் இறந்த செய்தியை அவனிடம் சொல்ல வீட்டில் எவரும் இல்லை.