மாமியார் வீட்டுச் சாட்சி

பார்பரா டக்மனின் 'எ டிஸ்டன்ட் மிரர்' 1978இல் வந்த நூல். கொள்ளைநோயும் நூறாண்டுப் போரும் சேர்ந்து வதைத்த 14ஆம் நூற்றாண்டு பிரான்ஸை ஒரே மனிதரின் வாழ்க்கை வழியாகச் சொல்கிறது. பிக்கார்டியில் கூசி கோட்டையை ஆண்ட குடும்பத்தின் கடைசிப் பிரபு, ஏழாம் ஆங்கெராண்தான் அவர். தடித்த புத்தகம், ஆனா கீழே வைக்க மனசு வராது. இருந்தாலும் எனக்கு அதோடு ஒரு சண்டை இருக்கிறது.

இந்தக் குடும்பத்துக்கு நல்ல பேர் கிடையாது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோமா த மார்ல் கொள்ளைக்கும் சித்திரவதைக்கும் பேர்போனவன். அடுத்த நூற்றாண்டில் நான்காம் ஆங்கெராண், தன் காட்டில் வேட்டையாடினார்கள் என்று மூன்று இளைஞர்களை விசாரணையே இல்லாமல் தூக்கிலிட்டான். ஒன்பதாம் லூயி மன்னர் அவனைப் பிடித்து விசாரித்தார். மற்ற பிரபுக்கள் திரண்டு வந்து மன்றாட, அபராதம் கட்டித் தப்பித்தான்.

ஏழாமவர் அப்படியில்லை என்கிறார் டக்மன். நிதானமானவர், சமரசம் பேசத் தெரிந்தவர். 1396இல் நிக்கோபோலிஸ் போரில் அவசரப்படாதீங்க என்று அவர் சொன்னதை இளம் வீரர்கள் கேட்கவில்லை. தோற்றுக் கைதாகி, 1397இல் புர்சாவில் இறந்தார்.

சரி, இந்த நல்ல பேரை எழுதி வைத்தது யார்? டக்மன் பெரிதும் சாய்ந்திருப்பது ஃப்ருவாசாரின் வரலாற்றுக் குறிப்புகள்மேல். ஃப்ருவாசார் 1360களில் இங்கிலாந்து அரசி பிலிப்பாவிடம் வேலை பார்த்தவர். பிணைக்கைதியாக இங்கிலாந்து போன ஆங்கெராண் 1365இல் கட்டிக்கொண்டது அதே பிலிப்பாவின் மகள் இசபெல்லாவை. மருமகனுக்கு நற்சான்று கொடுப்பது மாமியார் வீட்டு எழுத்தர்!

ஏட்டில் பதிவாவதாலேயே ஒரு தீமை பலமடங்கு பெரிதாகத் தெரியும் என்று முன்னுரையில் எச்சரிக்கிறார் டக்மன். அதே விதி நற்பெயருக்கும் பொருந்தாதா? அந்தக் கேள்வியைத் தன் நாயகனிடம் அவர் போதுமான அளவு கேட்கவில்லை. 1358இல் குடியானவர்கள் கிளர்ந்தபோது அவர்களை வேட்டையாடியதில் இளம் ஆங்கெராணும் உண்டு. அதையும் எழுதுகிறார்தான். ஆனால் அதற்குப் பிறகும் அவருடைய பிரியம் குறையவில்லை.

எனக்குப் பிடித்த இடம் வேறு. 1368இல் ஆங்கெராண் தன் ஆளுகையில் இருந்த 22 ஊர்களின் பண்ணையடிமைகளுக்கு விடுதலைச் சாசனம் கொடுக்கிறார், வரிக்குப் பதிலாக. பெருந்தன்மை என்று கடந்துவிடலாம். ஆனால் காரணம் சாசனத்திலேயே இருக்கிறது: அடிமைத்தனம் பிடிக்காமல் ஜனங்கள் வேறு ஊர்களுக்குப் போய்விடுகிறார்கள், நிலம் தரிசாகிறது. கொள்ளைநோய்க்குப் பிறகு உழைக்க ஆளே மிஞ்சாத காலம் அது.

அந்தப் பிரபு கையெழுத்துப் போட்டது, மூட்டையைக் கட்டிக்கொண்டு நடந்துபோனவர்களால். அவர்கள் பெயர் ஃப்ருவாசாரிடம் இல்லை, டக்மனிடமும் இல்லை. அவர்கள் செய்தது மட்டும் பிரபுவின் சாசனத்தில், அவரையறியாமலேயே பதிவாகியிருக்கிறது.

நூலைக் கட்டாயம் வாசியுங்கள். யாரையாவது 'நல்ல பிரபு' என்று சொல்லும் இடம் வந்தால், அந்த வரியை எழுதியவருக்குச் சோறு போட்டது யார் என்று மட்டும் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.