பாடாத பாட்டு

தென்காசியில் என் தாய்மாமா வீட்டுக் கூடத்தில் ஒரு கிராமபோன் இருந்தது. சாவி கொடுத்துச் சுற்றுகிற பழைய பெட்டி. கோடை விடுமுறைக்கு நாங்கள் போயிருக்கும்போது, இரவுச் சாப்பாடு முடிந்ததும் மாமா வெற்றிலைச் செல்லத்தோடு ஊஞ்சலில் வந்து உட்காருவார். புது ஊசி மாற்றி ஒரு பிளேட்டை வைக்கச் சொல்வார். வேறு யாருடைய பிளேட்டும் அல்ல, எஸ். ஜி. கிட்டப்பா அருட்பாவிலிருந்து பாடிய விருத்தம்தான். செங்கோட்டை தென்காசிக்குப் பக்கத்து ஊர். ஆகவே, கிட்டப்பா தம் சொந்தக்காரர் என்பது போன்ற ஒரு உரிமை மாமாவுக்கு உண்டு. சிறு பையனாக இருந்தபோது ஒரே ஒரு தடவை மேடையில் கேட்டிருக்கிறார்.

பாட்டு தொடங்கி ஒரு நிமிஷம் ஆனதும் மாமா தலையை ஆட்டுவார். அப்புறம் ஒரு பெருமூச்சு வரும். "இருபத்தேழு வயசுலே, ஏலே! இருபத்தேழு! இன்னும் ஒரு இருபது வருஷம் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்துவிடுவார். இருந்திருந்தால் எந்தெந்தச் சபையில் பாடியிருப்பார், எந்தெந்த சினிமாவில் நடித்திருப்பார், எந்தெந்த வித்வான்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று ஜாபிதா நீளும். அது முடிகிறபோது பிளேட்டும் முடிந்து ஊசி கரகரவென்று தேய்ந்துகொண்டிருக்கும். அந்த விருத்தத்தின் கடைசி அடியைக் கிட்டப்பா எப்படிப் பாடினார் என்பது வெகு காலம் வரை எனக்குத் தெரியாது. மாமாவின் துக்கம் எப்போதும் அதற்குக் குறுக்கே நின்றது.

இந்தச் சம்பவத்தை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சிறு வயதில் மாண்ட கலைஞர்களைப் பற்றி நாம் எழுதுவதும் பேசுவதும் பெரும்பாலும் மாமா செய்த காரியம்தான். ஸ்வாதித் திருநாள் மகாராஜா 33 வயதில் போனார். மோஸார்ட் 35. வடக்கே டி. வி. பலூஸ்கர் 34. நம் காலத்திலேயே, 2014ல், மாண்டலின் ஸ்ரீநிவாஸ் 45 வயதில் மறைந்தார். இந்தப் பெயர்களைச் சொன்னதும் நாம் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறோம். ஒருவர் பத்து வருஷத்தில் இவ்வளவு செய்தார் என்றால், நாற்பது வருஷத்தில் இதைப் போல நாலு மடங்கு செய்திருப்பார் என்கிற கணக்கு. வட்டிக் கடையில் சரியாக இருக்கும். சங்கீதத்தில் சரியாக இருக்குமா?

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். பாதியில் நின்றுபோன ஒரு வாழ்க்கையைக் கண்டால் மீதியை எழுதிவிட வேண்டும் என்று எனக்குக் கை துறுதுறுக்கும். அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு என் மேலேயே சந்தேகம்.

கிட்டப்பாவையே எடுத்துக்கொள்வோம். 1906ல் பிறந்தார், 1933 டிசம்பரில் இறந்தார். பாலகனாக இருக்கும்போதே மேடை ஏறியவர். அவருக்குப் பள்ளிக்கூடம் நாடகக் கொட்டகைதான். அந்தக் கொட்டகையில் மைக் கிடையாது. விடிய விடிய நாடகம் நடக்கும். கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் முன்வரிசை நாற்காலிக்காரருக்குக் கேட்கிற அதே துல்லியத்தோடு ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும். 'ஒன்ஸ்மோர்' என்று ஒரு குரல் எழும்பினால் கதையை நிறுத்திவிட்டு, அதே பாட்டை வேறு விதமாகப் பாட வேண்டும். உச்ச ஸ்தாயியில் நின்றுகொண்டு, மின்னலைப் போலப் பிருகாக்களை உதிர்க்கும் அந்தச் சாரீரம் இந்தத் தேவைகளிலிருந்து பிறந்தது.

அவர் இறந்த சமயத்தில் அந்த உலகத்துக்கே அஸ்தமனம் தொடங்கிவிட்டது. 1931ல் 'காளிதாஸ்' வந்து தமிழில் பேசும் படம் ஆரம்பமாயிற்று. 1934ல் 'பவளக்கொடி'யில் எம். கே. தியாகராஜ பாகவதர் திரைக்கு வந்தார். அதே வருஷம் 'பாமா விஜய'த்தில் ஜி. என். பாலசுப்பிரமணியம் நடித்தார். கச்சேரி மேடைக்கு மைக் வந்தது. மைக் வந்த பிறகு கடைசி வரிசையைத் தொடுவதற்குத் தொண்டை வேண்டியதில்லை. மெல்லப் பாடுகிறவருக்கும் ஆயிரம் பேர் கூடினார்கள்.

கிட்டப்பா இருந்திருந்தால் இந்த மாறுதலில் என்ன ஆகியிருப்பார்? சினிமாவில் கொடிகட்டிப் பறந்திருக்கலாம். அல்லது, கொட்டகைக்கு என்று வளர்ந்த சாரீரம் ஸ்டூடியோவின் நாலு சுவருக்குள் இடம் போதாமல் தவித்திருக்கலாம். எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சபாக் கச்சேரிக்கு வந்து, வேகத்தைக் குறைத்து, நாற்பது வயதில் வேறொரு பாடகராகவே ஆகியிருக்கலாம். மூன்றில் எதையும் நான் எழுதிவிடுவேன். மூன்றும் நம்பும்படியாகவே இருக்கும். மூன்றும் ஒரே அளவுக்கு நம்பும்படியாக இருந்தால், மூன்றுக்கும் ஆதாரம் இல்லை என்றுதானே அர்த்தம்?

இதற்கு எதிர்ப்பக்கத்தில், சாவு தொட்டுவிட்டுத் திரும்பிப்போன ஒரு மனிதரின் கதை இருக்கிறது. அதைப் பார்த்தால் நம் கணக்கு எவ்வளவு பொய் என்பது புரியும்.

குமார் கந்தர்வா 1924ல் பெல்காம் பக்கத்தில் பிறந்தவர். பால மேதை. பெரிய உஸ்தாதுகளின் பிளேட்டுகளைக் கேட்டு அச்சு அசலாக அவர்களைப் போலவே பாடிக்காட்டுவாராம். சிறு வயதிலேயே வடநாட்டு மேடைகளில் பெயர் பரவிவிட்டது. சுதந்திரம் வந்த சமயத்தில் அவருக்கு க்ஷயரோகம் கண்டது. ஒரு நுரையீரல் ஏறக்குறையப் பயனற்றுப் போயிற்று. மத்தியப் பிரதேசத்தில் தேவாஸ் என்ற ஊரில் பாடக்கூடாது என்ற உத்தரவோடு வருஷக்கணக்கில் படுத்துக் கிடந்தார். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்தது. அது சில வருஷம் தாமதித்திருந்தால் இன்று அவர் பெயரும் நம் துக்க ஜாபிதாவில் ஒன்றாக இருந்திருக்கும்.

அப்படி நடந்திருந்தால் மாமாவைப் போன்ற ஒரு ரசிகர் தேவாஸிலோ பம்பாயிலோ உட்கார்ந்துகொண்டு என்ன சொல்லியிருப்பார்? "பன்னிரண்டு வயசில் உஸ்தாதுகளைப் போலப் பாடினான், நாற்பது வயசில் எல்லா உஸ்தாதுகளையும் மிஞ்சியிருப்பான்" என்று சொல்லியிருப்பார்.

நடந்தது வேறு. படுக்கையில் கிடந்தவர் காதில் மால்வா பிரதேசத்து நாட்டுப் பாடல்கள் விழுந்துகொண்டே இருந்தன. 1953ல் அவர் மறுபடி மேடைக்கு வந்தபோது, நீண்ட தான்களுக்கு மூச்சு இல்லை. குட்டை குட்டையான சங்கதிகள், திடீரென்று ஓங்கி எழும் ஒரு சுரம், பிறகு ஒரு மௌனம். அந்த மௌனத்தையே சங்கீதமாக்கினார். நாட்டுப் பாடல்களிலிருந்து புது ராகங்களைக் கண்டெடுத்தார். கபீரின் நிர்க்குண பஜனைகளை அதற்கு முன் யாரும் பாடாத விதமாகப் பாடினார். 1992ல் அவர் காலமானபோது ஹிந்துஸ்தானி சங்கீதத்தில் ஒரு தனி வழியையே விட்டுச் சென்றிருந்தார். பழைய வழிக்காரர்கள் சிலர் அதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை என்பதும் வாஸ்தவம்.

இதை யார் கற்பனை செய்திருக்க முடியும்? அவருடைய மிகச் சிறந்த ரசிகனாலும் முடிந்திருக்காது. ரசிகன் கற்பனை செய்வது, ஏற்கெனவே கேட்டதில் இன்னும் கொஞ்சம். கலைஞன் செய்வதோ இதுவரை கேட்காதது. ஆகவே "இருந்திருந்தால் என்ன பாடியிருப்பார்" என்று நாம் ஏங்கும்போது, உண்மையில் நாம் இழந்ததை நினைத்து ஏங்குவதில்லை. நமக்குப் பழகிப்போனதை இன்னும் கொஞ்சம் கேட்கிறோம். உண்மையில் இழந்தது எதுவோ, அதற்குப் பெயர் வைக்கக்கூட நமக்குத் தெரியாது.

மேல்நாட்டில் ஷூபர்ட் விஷயத்திலும் இதே கண்மயக்கம்தான். 1828ல் வியன்னாவில் 31 வயதில் இறந்தார். கிரில்பார்ட்ஸர் என்ற கவிஞர் அவர் கல்லறைக்கு வாசகம் எழுதினார். சங்கீதம் இங்கே ஒரு செல்வத்தைப் புதைத்திருக்கிறது, அதைவிட அழகான நம்பிக்கைகளையும் புதைத்திருக்கிறது என்பது அதன் கருத்து. கேட்பதற்கு உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாசகம் கல்லில் ஏறியபோது, ஷூபர்ட் எழுதி முடித்திருந்த பெரிய சிம்பனி அவருடைய அண்ணன் வீட்டுக் காகிதக் கட்டுகளில் தூங்கிக்கொண்டிருந்தது. ஷூமன் அதைக் கண்டெடுத்து, மெண்டல்ஸோன் அதை லைப்ஸிக் நகரில் நடத்தி வைத்தது 1839ல். கடைசி வருஷத்தில் எழுதிய ஐந்து தந்தி வாத்தியங்களுக்கான இசை மேடை ஏறியது 1850ல். 'முடியாத சிம்பனி' என்று பெயர் பெற்றுவிட்ட இசையை உலகம் முதன்முதலில் கேட்டது 1865ல். கவிஞர் எதை நம்பிக்கை என்று நினைத்து அழுதாரோ, அதில் பெரும்பகுதி ஏற்கெனவே செல்வமாக இருந்தது. பெட்டியைத் திறந்து பார்ப்பதற்குள் அழுதுவிட்டார்கள்.

அந்த 'முடியாத சிம்பனி'யைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பேனா கையில் இருக்கும்போதே உயிர் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஷூபர்ட் அதைப் பாதியில் வைத்தது 1822ல். அதற்குப் பிறகு ஆறு வருஷம் உயிரோடு இருந்தார். வேறு எவ்வளவோ எழுதினார். அது முடியாமல் நின்றதற்கு எமன் காரணம் இல்லை. ஆனாலும் கேட்கிறவர்கள் அதில் சாவின் நிழலைக் காண்கிறார்கள். காரணம், இசை பிறப்பதற்கு முன்பே நம் காதில் கதை புகுந்து உட்கார்ந்துகொள்கிறது.

அவர் வாழ்க்கையில் எனக்கு உண்மையாகவே நெஞ்சைத் தொடுகிற விஷயம் வேறு. சாவதற்குப் பதினைந்து நாள் முன்பு, 1828 நவம்பர் 4ந் தேதி, ஸெக்டர் என்ற ஆசிரியரிடம் இசை இலக்கணத்தில் பாடம் கேட்கப் போயிருக்கிறார். அவ்வளவும் எழுதி முடித்த மனிதர், இன்னும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மாணவராகப் போய் உட்கார்ந்தார். அவர் எதை எழுதியிருப்பார் என்பதற்கு இதைவிடச் சாட்சியம் நமக்குக் கிடையாது. தாம் அதுவரை எழுதியதைப் போல இனி எழுத வேண்டாம் என்று அவரே நினைத்திருக்கிறார், அவ்வளவுதான் தெரியும்.

"எழுதி வைக்கிறவன் கதை வேறு, பாடகன் கதை வேறு" என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான ஆட்சேபம். பாடகனுக்குப் பெட்டி கிடையாது. கிட்டப்பாவின் எத்தனையோ இரவுகள் கொட்டகைக் கீற்றோடு போயின. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷமாக நறுக்கிய சில பிளேட்டுகள்தான் மிச்சம். ஐந்து விதமாகப் பாடிய வரியில் ஒரு விதம்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. இது உண்மையான நஷ்டம், இதற்காக அழலாம். ஆனால் கவனியுங்கள்: இது பாடாமல் போன பாட்டு அல்ல, பாடியும் நமக்குக் கிட்டாமல் போன பாட்டு. மாமா இதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

கிட்டப்பா போனபோது கே. பி. சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று முதல் வெள்ளைச் சேலை; நகை இல்லை. ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டார். 1935ல் 'நந்தனா'ரில் அவரே நந்தனாராக நடித்தார். 1953ல் 'ஔவையார்'. 1980 வரை வாழ்ந்தார். தமிழ்நாட்டுக்கு அவரைத் தெரிந்ததெல்லாம் ஔவையாகவும், பக்தையாகவும், முருகன் சந்நிதியில் நிற்கும் குரலாகவும்தான். கிட்டப்பா இருந்திருந்தால் அந்தக் குரல் வள்ளியாகவே இன்னும் பல வருஷம் பாடியிருக்குமோ என்னவோ. 'அவர் போனதால் இது கிடைத்தது' என்று சொல்வது கொடுமை. ஒரு பெண்ணின் துக்கத்துக்கு நாம் லாபக் கணக்கு எழுதக்கூடாது. நான் சொல்வது இவ்வளவுதான்: நடக்காமல் போன சங்கீதத்தைப் பற்றி நாம் கற்பனை செய்துகொண்டிருந்த அந்த நாற்பத்தேழு வருஷமும், நடந்த சங்கீதம் ஒன்று எதிரிலேயே பாடிக்கொண்டிருந்தது.

அதற்காக, ஏங்குவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. இளம் வயதில் போன உயிருக்காக மனம் கலங்காதவன் சங்கீதம் கேட்டு என்ன பிரயோஜனம்? ஆனால் கலங்குவது மனிதனுக்காக இருக்கட்டும். பாட்டைக் கேட்கும்போது, அதை ஒரு முன்பணமாக நினைத்துக் கேட்க வேண்டாம். பாடியவர் அப்படி நினைத்துப் பாடவில்லை. அன்றைய தினம் அவர் தம் முழுக் கணக்கையும் தீர்த்துவிட்டுத்தான் மேடையைவிட்டு இறங்கினார்.

மாமா காலமாகி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பெட்டியும் பிளேட்டும் என்னிடம் வந்து சேர்ந்தன. வெகு நாள் அதைத் தொடாமலே வைத்திருந்தேன். இப்போதெல்லாம் கைப்பேசியிலேயே அந்த விருத்தத்தைக் கேட்டுவிடலாம் என்கிறான் பேரன், கேட்கலாம்தான். ஆனாலும் ஒரு ராத்திரி சாவி கொடுத்து, ஊசி மாற்றி, அந்தப் பிளேட்டையே வைத்தேன். யாரும் பெருமூச்சு விடவில்லை. முதல் தடவையாகக் கடைசி அடி வரை கேட்டேன்.

உச்சத்துக்குப் போன குரல் அங்கேயே நின்று மிரட்டவில்லை. படி படியாக இறங்கி, ஷட்ஜத்தில் வந்து அமர்ந்து, முடிந்தது. குறை ஒன்றும் இல்லை. ஊசி கரகரத்தது. மாமாவுக்கும் இதைக் கேட்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.